கார் ஏசியின் விசிலும் என் தொண்டையும்

எங்கள் காரில் ஏசியைப் போட்டால் யாரோ விசில் அடிக்கிறார்கள் என்று முதலில் சொன்னவர், என்னோடு வண்டியில் வரும் கணக்கு டீச்சர். நான் நம்பவில்லை. கொடுங்கையூரில் புது அடுக்குமாடியில் வீடு வாங்கிய நாளிலிருந்து அவருக்கு உலகத்தில் எந்த வாடையும் ஆகாது, எந்தச் சத்தமும் ஆகாது. ஆனால் மறுநாள் எனக்கும் கேட்டது. டாஷ்போர்டுக்கு உள்ளே எங்கிருந்தோ, ஊசி மாதிரி மெல்லிசாக ஒரு 'ஈ'. காற்றைக் கூட்டினால் ஏறியது, குறைத்தால் இறங்கியது. கண்ணாடியை ஏற்றிவிட்டு உட்கார்ந்தால் பல் கூசியது.

ஏசியை அணைத்துவிட்டுக் கண்ணாடியை இறக்கிக்கொள்ளலாமே என்று கேட்பவர்கள் எங்கள் பக்கம் கார் ஓட்டியதில்லை. முன்னால் ஒரு கன்டெய்னர் லாரி, பின்னால் ஒரு கன்டெய்னர் லாரி, நடுவில் நாங்கள். கண்ணாடியைத் திறந்தால் பள்ளிக்குப் போய்ச் சேரும்போது என் வெள்ளைச் சேலை சாம்பல் நிறமாகியிருக்கும். நான் வேலை பார்ப்பது சடையங்குப்பத்துக்கு இந்தப் பக்கம் ஒரு சின்னத் தனியார் பள்ளியில், அறிவியல் ஆசிரியையாக. அந்தப் பள்ளி பத்தாம் வகுப்பைக் கோடை விடுமுறையிலும் விடாது. ஏப்ரல் கடைசியிலும் மே முழுக்கவும் வகுப்பு. அந்த வெயிலில்தான் விசில்.

ஒரு வாரத்தில் பிள்ளைகளுக்கும் பழகிவிட்டது. நான் கேட்டுக்குள் நுழையும்போதே விசில் வருவதால், வகுப்பில் கால் வைக்கும்போது எல்லாரும் புத்தகத்தைத் திறந்து உட்கார்ந்திருந்தார்கள். இருபது வருஷ வேலையில் எனக்கு இப்படி ஒரு மரியாதை கிடைத்ததில்லை. இருந்தாலும் பல் கூசியது.

நான் பெரிதாகக் கவலைப்படவில்லை. என் வீட்டுக்காரர் காசிமேட்டில் விசைப்படகு இன்ஜின் மெக்கானிக். கைக்குப் பேர்போன மெக்கானிக்குகள் அங்கே நிறைய உண்டு. இவர் காதுக்குப் பேர்போனவர்.

அது எப்படி என்று சொல்கிறேன். கடலில் போன படகின் இன்ஜினில் ஏதாவது கோளாறு என்றால் ஒயர்லெஸ்ஸில் இவரைக் கூப்பிடுவார்கள். மைக்கை இன்ஜினுக்கு நேராகக் காட்டினால் வெறும் இரைச்சல்தான் கரைக்கு வந்து சேரும். அதனால் படகை ஓட்டுகிறவர், அவருக்கும் எங்கள் பக்கம் டிரைவர் என்றுதான் பெயர், இன்ஜின் அறையில் இறங்கிக் கேட்டுவிட்டு மேலே வந்து, அந்தச் சத்தத்தை வாயால் செய்து காட்டுவார். எங்கள் வீட்டில் டிவிக்குப் பக்கத்தில் ஒயர்லெஸ் செட் இருக்கிறது. இவர் சாப்பிட்டுக்கொண்டிருப்பார். செட்டிலிருந்து ஒரு கனத்த ஆம்பிளைக் குரல், "டொக்கு டொக்கு டொக்கு, உஸ்ஸ், டொக்கு" என்று பாடும். இவர் சோற்றைப் பிசைந்துகொண்டே, மூணாவது நாசிலைக் கழற்றிக் கழுவு என்பார். பத்து நிமிஷத்தில் செட்டிலிருந்து நன்றி வரும். கல்யாணமான புதிதில் எங்கள் வீட்டுக்கு வந்திருந்த என் அம்மா இதைக் கேட்டுவிட்டு, மாப்பிள்ளைக்கு மந்திரிக்கிற தொழிலும் உண்டா என்று என்னிடம் தனியாகக் கேட்டார்.

இதைவிடப் பெரிய காரியம் ஒன்று தடைக்காலத்தில் நடக்கும். கோடையில் இரண்டு மாதம் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. அந்த நேரத்தில்தான் எல்லா இன்ஜினையும் பிரித்து மாட்டுவார்கள். தடை முடிவதற்கு முந்தின வாரம் இவர் தன் கையில் உள்ள படகு ஒவ்வொன்றிலும் ஏறுவார். இன்ஜினை ஓடவிட்டு, கண்ணை மூடி, அதன் மேல் கையை வைத்துக்கொண்டு நிற்பார். திருப்தியானால் கையிலிருந்த, எண்ணெய் துடைக்கும் வேஸ்ட் துணியை இன்ஜின் மேல் போட்டுவிட்டு "உடு" என்பார். அந்த ஒரு வார்த்தைக்குப் பிறகுதான் படகில் டீசலும் ஐஸும் ஏறும். படகுக்கு எட்டுப் பேர், பத்துப் பேர். கரையை விட்டு இரண்டு நாள் தூரத்தில் இன்ஜின் நின்றால் அந்தப் பத்துப் பேர் காற்று இழுக்கிற பக்கம் போக வேண்டியதுதான். அப்படி வடக்கே இழுத்துப்போய் நாலாம் நாள் வேறொரு படகு கண்டெடுத்த கதை எங்கள் தெருவிலேயே இரண்டு வீட்டில் உண்டு.

இப்பேர்ப்பட்ட ஆளுக்குக் கார் ஏசியின் விசில் எம்மாத்திரம் என்று நினைத்தேன். அவரும் அப்படித்தான் நினைத்தார். ஞாயிற்றுக்கிழமை காலையில் பானெட்டைத் திறந்து, நீள ஸ்க்ரூடிரைவரின் முனையை இன்ஜினில் வைத்து, பிடியைக் காதில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு பத்து நிமிஷம் நின்றார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"எப்டி வருது டீச்சரு, பண்ணிக் காட்டு."

வீட்டில் அவர் என்னை டீச்சர் என்றுதான் கூப்பிடுவார். முதலில் கிண்டலாகத் தொடங்கியது, பிறகு அதுவே பெயராகிவிட்டது. பக்கத்திலேயே சத்தம் வந்துகொண்டிருக்கும்போது நான் எதற்குப் பண்ணிக் காட்ட வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. அவர்கள் தொழிலில் அதுதான் முறை என்று விட்டுவிட்டேன். தெருவில் நின்று, சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, "ஈ" என்றேன். எதிர்வீட்டுக்காரர் பேப்பரை மடித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார். இவர் தலையை ஒருபக்கமாகச் சாய்த்துக் கேட்டுவிட்டு, பெல்ட் என்று சொன்னார்.

பெல்ட்டை மாற்றினார். விசில் போகவில்லை. மறுபடி பண்ணிக் காட்டச் சொன்னார். அன்றைக்கு நான் வகுப்பில் கத்திவிட்டு வந்திருந்தேன், குரல் கொஞ்சம் தடித்திருந்தது. புல்லி பேரிங் என்றார். அதையும் மாற்றினார். அடுத்த வாரம் எனக்குச் சளி. நான் பண்ணிக் காட்டிய சத்தத்தைக் கேட்டு முகம் இருண்டு, கம்ப்ரஸரையே கழற்றிவிட்டார். காரின் கோளாறுக்கும் அவர் மாற்றும் சாமான்களுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை, என் தொண்டைக்கும் சாமான்களுக்கும்தான் சம்பந்தம் என்பதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு மாதம் ஆனது. நான் பத்தாம் வகுப்புக்கு ஒலியியல் பாடம் நடத்துகிறவள் என்பதையும் இங்கே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

கம்ப்ரஸர் கழன்றிருந்த மூன்று நாளும் எங்களுக்கு வேறு ஏற்பாடு செய்தார். படகுக்காரர்களுக்குக் குளிர்ச்சி என்றால் ஐஸ். கார் ஏசியை அவர் உள்ளூர மதித்ததே இல்லை. மீன் போடும் தெர்மோகோல் பெட்டியில் அரைப் பாளம் ஐஸை வைத்துப் பின்சீட்டில் ஏற்றி, அதன் மேல் ஒரு சின்ன ஃபேனைக் கட்டி, சிகரெட் லைட்டர் ஓட்டையிலிருந்து ஒயர் இழுத்துக் கொடுத்துவிட்டார். குளிர் நிஜமாகவே வந்தது. கூடவே வஞ்சிர வாடையும் வந்தது. மாதவரம் சந்திப்பில் பிரேக் அடித்தபோது பெட்டி சரிந்து, உருகின தண்ணீர் முழுவதும் கணக்கு டீச்சர் காலில் ஊற்றியது. ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். அவர் ஒன்றும் சொல்லாமல் வந்தது அந்த ஒரு நாள்தான்.

அன்று சாயந்திரம் வீட்டுக்கு வந்து இவரை ஒரு பிடி பிடித்தேன். எனக்குக் கோபம் வந்தால் நிறுத்தத் தெரியாது, அது பள்ளிக்கூடத்துக்கே தெரியும். அரைமணி நேரம் திட்டினேன். அவர் வழக்கம்போல என் முகத்தையே பார்த்துக்கொண்டு, தலையை ஆட்டிக்கொண்டு, இடையில் ஒருதரம் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கணக்கு டீச்சர் அடிக்கடி சொல்வார், உங்க வீட்டுக்காரர் மாதிரி ஒரு பொறுமைசாலியைப் பார்த்ததில்லை என்று. எனக்கும் அதில் உள்ளுக்குள் பெருமைதான்.

கம்ப்ரஸரைத் திரும்ப மாட்டியபோது கேஸ் அடைக்கத் திருவொற்றியூரில் ஒரு ஏசி கடைக்குப் போனோம். அந்தக் கடைக்காரர் ஒரே நிமிஷத்தில், சத்தம் காற்று போகிற வழியில்தான் வருகிறது, கம்ப்ரஸருக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை என்றார். இவருக்கு வந்ததே கோபம். எத்தனை இன்ஜினைக் கேட்டிருக்கிறேன் தெரியுமா என்று ஆரம்பித்துவிட்டார். கடைக்காரர் அமைதியாக, இப்போது வருகிறதே, இது உங்களுக்கு எங்கே இருந்து வருகிற மாதிரி கேட்கிறது என்று கேட்டார். இவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு கேஸுக்குக் காசைக் கொடுத்துவிட்டு வண்டியில் ஏறிக்கொண்டார். அடுத்த ஞாயிறு டாஷ்போர்டையே பிரித்துத் தெருவில் பாய் விரித்துப் பரப்பினார். தெருவில் வந்தவர் போனவர் எல்லாம் ஆளுக்கு ஒரு யோசனை சொன்னார்கள். எதிர்வீட்டுக்காரர் எனக்குப் பதிலாக விசிலைப் பண்ணிக் காட்ட முன்வந்தார், என்னைவிட அவருக்கு நன்றாகவே வந்தது. திரும்ப மாட்டியபோது நாலு ஸ்க்ரூவும் ஒரு விசிலும் மிச்சம்.

விசிலைக் கண்டுபிடித்தது நான்தான், அதுவும் குப்பை லாரியின் தயவால். ஜூன் முதல் வாரம், கணக்கு டீச்சரைக் கொடுங்கையூரில் இறக்கிவிடப் போகும்போது ஒரு குப்பை லாரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டோம். லாரியிலிருந்து என்னவோ சொட்டிக்கொண்டே போனது. முந்தவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. நாற்றம் ஏசி வழியாக உள்ளே வந்தது. வெளிக்காற்றை அடைக்க டாஷ்போர்டில் ஒரு பட்டன் இருக்கிறது. எங்கள் வண்டியில் அதைத் தொடக் கூடாது என்பது வீட்டுக்காரர் சட்டம். காற்று வராத இன்ஜின் அறையில் மயங்கி விழுந்தவர்களைப் பார்த்தவர் அவர், உள்ளே இருக்கிற காற்றையே சுற்றிச் சுற்றிக் குடித்தால் நோய் வரும் என்பார். கணக்கு டீச்சர் கண்ணில் தண்ணீர் வருவதைப் பார்த்துவிட்டுச் சட்டத்தை மீறிப் பட்டனை அழுத்தினேன்.

விசில் நின்றுவிட்டது. திரும்ப அழுத்தினேன், வந்தது. மறுபடி அழுத்தினேன், நின்றது. நாற்றமும் விசிலும் மாறிமாறி வந்ததில் கணக்கு டீச்சர் என்னைப் பார்த்த பார்வையை மறக்க மாட்டேன். வெளிக்காற்று உள்ளே வரும் வழியில்தான் கோளாறு. ஒரு மாதமாகப் பெல்ட்டையும் பேரிங்கையும் மாற்றிக்கொண்டிருந்திருக்கிறோம்.

எனக்கு இருந்த சந்தோஷத்தில், மறுநாள் காலையில் இவரைத் துறைமுகத்தில் இறக்கிவிடக் கூட்டிப்போகும்போது கொஞ்சம் விளையாடிப் பார்க்க நினைத்தேன். பட்டன் மேல் கைக்குட்டையைப் போட்டு மூடிக்கொண்டேன். விசில் நன்றாக வந்துகொண்டிருந்தது. முகத்தை மலர்ச்சியாக வைத்துக்கொண்டு, இப்ப எப்படி இருக்குது என்று கேட்டேன். அவர் என் முகத்தைப் பார்த்தார்.

"பூடுச்சு," என்றார்.

விசில் காதைத் துளைத்துக்கொண்டிருந்தது. கைக்குட்டைக்கு அடியில் பட்டனை அழுத்தினேன். சத்தம் சுத்தமாக நின்றது. முகத்தைச் சுளித்துக்கொண்டு, இப்ப என்று கேட்டேன். மறுபடி என் முகத்தைப் பார்த்தார்.

"வருது. லேசா வருது."

நாலு தடவை செய்தேன். நாலு தடவையும் அவர் என் முகத்துக்குச் சரியாகச் சொன்னார், வண்டிக்குத் தப்பாகச் சொன்னார். ஐந்தாவது தடவை செய்ய எனக்குக் கை வரவில்லை. அவர் இறங்கி, கையை ஆட்டிவிட்டு, படகுகள் கட்டியிருக்கிற பக்கம் நடந்து போனார். நான் வண்டியிலேயே உட்கார்ந்திருந்தேன். வயசாகும்போது முதலில் போவது கீச்சென்ற மெல்லிய சத்தம், இரைச்சலில் வேலை செய்கிறவர்களுக்கு அது சீக்கிரமே போகும் என்று வருஷா வருஷம் நான்தான் கரும்பலகையில் எழுதிப் போடுகிறேன். டர்போ வைத்த இன்ஜின் கெடுவதற்கு முன்னால் விசில் மாதிரி ஒரு சத்தம் கொடுக்கும் என்று இவரே எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். அந்த விசில் இவருக்குக் கேட்காது. தடைக்காலம் முடிய ஆறு நாள் இருந்தது. இவர் "உடு" என்றால் படகுக்குப் பத்துப் பேர் கடலுக்குப் போய்விடுவார்கள்.

அன்று சாயந்திரம் அவர் வருவதற்குள் வைப்பருக்குக் கீழே இருக்கும் பிளாஸ்டிக் மூடியைக் கழற்றிப் பார்த்தேன். ஒரு மாதமாக அவர் கழற்றுவதைப் பார்த்துப் பார்த்து எனக்கே பழகியிருந்தது. காற்று உள்ளே போகும் வாயில், கட்டிலுக்குக் கயிறு பின்னினது போல இழுத்துக் கட்டியிருந்தது ஒரு துண்டு நரம்பு வலை. மீன் பிடிக்கிற அதே கண்ணாடி நரம்பு, நைலான் இழை. முடிச்சு என் வீட்டுக்காரர் முடிச்சு, கடைசியில் ஒரு சுற்றுக் கூடுதலாகப் போட்டிருந்தார். பொங்கல் சமயத்தில் துறைமுகத்து எலி ஒன்று வண்டிக்குள் புகுந்து ஒயரைக் கடித்திருந்தது. எலி வராமல் இருக்க யாராக இருந்தாலும் கம்பி வலை அடிப்பார்கள். காசிமேட்டுக்காரர் கைக்குக் கிடைப்பது வலை, அதைக் கட்டியிருக்கிறார். எலி வரவில்லை. மேலே கிடந்த ஒரு நரம்பு வெயிலில் இறுகி, காற்று இழுக்கும்போதெல்லாம் பாடிக்கொண்டிருந்திருக்கிறது. விரலால் தட்டிப் பார்த்தேன், 'டிங்' என்றது. விடைத்தாள் கட்டு வெட்டும் கத்தரியால் வெட்டி எடுத்து, பின்சீட்டில் போட்டேன்.

வேறு நாளாக இருந்தால் ஊரைக் கூட்டிச் சிரித்திருப்பேன். சிரிப்பு வரவில்லை. அவரிடம் சொன்னால் உடைந்துபோவார். சொல்லாமல் விட்டால் யாரோ பத்துப் பேர் பெண்டாட்டிகள் கரையில் நின்று கடலைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியிருக்கும். மூன்று நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. அந்த மூன்று நாளும் அவர், சரியாகிவிட்ட வண்டியின் இல்லாத விசிலைச் சரிசெய்ய ஏதாவது ஒன்றைக் கழற்றிக்கொண்டே இருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை துறைமுகத்துக்குப் போனேன். முதலில் கடலுக்குப் போகிற படகின் டிரைவரை எனக்குப் பத்து வருஷமாகத் தெரியும், எங்கள் வீட்டு செட்டில் அதிகமாகப் பாடியவர் அவர்தான். தனியாகக் கூப்பிட்டு, வழியெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு போனதைச் சொன்னேன். அவருக்கு மெல்லிய சத்தம் கேட்கவில்லை, நான் சோதித்துப் பார்த்துவிட்டேன், வேறு ஒரு மெக்கானிக்கையும் கேட்டுவிட்டுப் போங்கள் என்றேன். புருஷனைக் காட்டிக்கொடுக்கிற மாதிரிதான் இருந்தது.

டிரைவர் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். "தெரியும் அண்ணி," என்றார். "போன வருசமே தெரியும்."

வந்து பாருங்க என்று படகு ஓரத்துக்குக் கூட்டிப்போனார். இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. இன்ஜின் அறையின் மேல்மூடி திறந்திருந்ததால் உள்ளே நடப்பது எல்லாம் தெரிந்தது. என் வீட்டுக்காரர் கண்ணை மூடிக்கொண்டு, இன்ஜின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றார். அவரைச் சுற்றி மூன்று ஆண்கள், மூன்று பேரும் நாற்பதைத் தாண்டியவர்கள். ஒருவர் அவருடைய இடது காதுக்குப் பக்கத்தில் "டகு டகு டகு" என்று கனமாகப் பாடிக்கொண்டிருந்தார். இன்னொருவர் வலது பக்கம் "உஸ் உஸ்" என்றார். மூன்றாமவர் படகில் சமைக்கிறவர், நல்ல தொப்பை. அவர் தொப்பையைப் பிடித்துக்கொண்டு, கண்ணை இறுக்கிக்கொண்டு, பசு கத்துகிற குரலில் "ஊ" என்று ராகம் இழுத்தார். அதுதான் டர்போ விசிலாம். நிஜ விசில் அண்ணாத்தைக்கு எட்டாது, அதனால் அதை அவருக்கு எட்டுகிற குரலுக்கு இறக்கிப் பாடுகிறார்களாம். தடைக்காலம் முழுவதும் வலை தைத்துக்கொண்டே ஒத்திகை பார்த்தார்களாம். சமையல்காரரைவிட நன்றாக டர்போ பாடுகிறவர் இந்தக் கரையில் கிடையாது, பக்கத்துப் படகுக்காரர்கள்கூட வந்து கூட்டிப்போகிறார்கள் என்று டிரைவர் பெருமையாகச் சொன்னார்.

உங்களுக்குத் தெரியும் என்பது அவருக்குத் தெரியுமா என்று கேட்டேன், தெரியாது என்றார் டிரைவர். தனக்குக் காது போனதை மறைக்க இவர் கண்டுபிடித்த வழி, ஆட்களுக்குப் பரீட்சை வைப்பது. நீங்கள் சரியாகக் கேட்கிறீர்களா பார்க்கிறேன், ஆளுக்கு ஒன்றாகப் பண்ணிக் காட்டுங்கள் என்று போன வருஷம் ஆரம்பித்தாராம். அவர்களும் பரீட்சை எழுதுகிற மாதிரியே பண்ணிக்கொண்டிருக்கிறார்கள்.

"காது எங்களாண்ட கீது அண்ணி," என்றார் டிரைவர். "அது இன்னா நோவுன்னு சொல்றதுக்கு அவுருதான் ஓணும்."

உள்ளே சமையல்காரர் மூச்சு வாங்க நிறுத்தினார். ஒழுங்காப் பண்ணு, நடுவுல விடாதே என்று இவர் அதட்டினார். சமையல்காரர் மறுபடி மூச்சை இழுத்து, முதலிலிருந்து "ஊ" என்றார். இந்தத் தடவை, இன்ஜினிலிருந்து கேட்டது போலவே கடைசியில் குரலை லேசாக நடுக்கினார். என் வீட்டுக்காரர் சட்டென்று கண்ணைத் திறந்தார். வேஸ்ட் துணியைத் தோளிலேயே போட்டுக்கொண்டு, டர்போ பேரிங் போகப்போகிறது, கழற்று, இந்தப் படகு இப்போது போகாது என்றார். டிரைவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு ஸ்பேனர் எடுக்கப் போனார்.

மேலே ஏறி வந்தவர் என்னைப் பார்த்துத் திகைத்தார். மீன் வாங்க வந்தேன் என்றேன், கையில் பை இல்லாமல். இரண்டு பேரும் வண்டியில் ஏறினோம். ஏசியைப் போட்டேன். வலை இல்லாத வண்டி சத்தமில்லாமல் குளிர்ந்தது. அவர் வழக்கம்போல என் முகத்தைப் பார்த்தார். நான் முகத்தில் எதையும் காட்டவில்லை.

"இன்னா, வருதா?" என்றார்.

"நீயே சொல்லுயா," என்றேன்.

முன்னால் ஒரு கன்டெய்னர் லாரி திரும்ப இடமில்லாமல் முன்னும் பின்னும் போய்க்கொண்டிருந்தது. அது திரும்பி முடித்ததும் அவர் சொன்னார்.

"எனக்குக் கேக்கல டீச்சரு. வந்த நாள்லேந்தே கேக்கல."

பின்சீட்டிலிருந்து வலையை எடுத்து அவர் மடியில் போட்டேன். புரட்டிப் பார்த்தார், தன் முடிச்சை அடையாளம் கண்டார். நரம்பு பாடியதை நான் சொன்னதும் வாய்விட்டுச் சிரித்தார். நீ பண்ணிக் காட்டினது பேரிங் மாதிரி இருந்தது, நரம்பு மாதிரியா பண்ணினாய் என்று என் மேலேயே பழியைப் போட்டார். எனக்கும் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே, எத்தனை நாளாக இப்படி என்று கேட்டேன். இரண்டு வருஷத்துக்கு மேல் இருக்கும் என்றார். அப்படியானால் நான் திட்டுவது என்று கேட்டேன். கனமாக வருகிற வார்த்தை வந்துவிடும், மற்றது காற்றாகப் போய்விடும், மீதியை உன் மூஞ்சியைப் பார்த்து நிரப்பிக்கொள்வேன் என்றார்.

எனக்கு ஆத்திரம் தலைக்கேறியது. இரண்டு வருஷமாக நான் தொண்டை வறளக் கத்தியதில் பாதி, ஊருக்குத்தான் கேட்டிருக்கிறது. ஊரெல்லாம் பொறுமைசாலி என்ற ஆள் வெறும் என் மூஞ்சியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறார். எல்லாவற்றையும் இப்போது மறுபடி முதலிலிருந்து திட்டப்போகிறேன் என்றேன், சமையல்காரர் மாதிரி குரலை இறக்கி, ஒவ்வொரு வார்த்தையாக.

அவர் வலையைச் சுருட்டிக் கீழே வைத்துவிட்டு, நேராக உட்கார்ந்துகொண்டார். "அவ்ளோ ஓணாம்," என்றார். "முக்கியமானத மட்டும் சொல்லு."

யோசித்துப் பார்த்தேன். தினமும் கட்டில் மேல் போடுகிற ஈரத் துண்டு, ஐஸ் பெட்டி, டாஷ்போர்டு, அவர் அண்ணன் வீட்டுக் கல்யாணத்தில் என் தம்பியைக் கவனிக்காமல் விட்டது. எதுவும் முக்கியமாகத் தெரியவில்லை. ஒன்றே ஒன்றுதான் இருந்தது.

"இன்ஜின் ரூமுக்குப் போம்போது காதுல பஞ்சு வெச்சிக்கோன்னு சொன்னேன்யா," என்றேன். "கல்யாணம் ஆன நாள்லேந்து தெனம் சொன்னேன்."

"அது கேட்டுச்சு," என்றார். "பஞ்சு வெச்சிக்கினா இன்ஜினு எப்டிக் கேக்கும்?"

வண்டியை ஓரம் கட்டி நிறுத்தினேன். ஸ்டியரிங்கில் தலையை வைத்துக்கொண்டு அழுதேன். முகம் மறைந்திருந்ததால் அவருக்கு ஒன்றும் புரியவில்லை. கொஞ்ச நேரம் கழித்து என் முதுகில் கையை வைத்துப் பார்த்தார், கண்ணை மூடிக்கொண்டு, இன்ஜினில் வைப்பது போல. பிறகு கையை எடுக்கவே இல்லை.